செங்கோட்டை ஆவுடையக்காள்: கும்மிக்குள் வைத்த வேதாந்தம்

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வரும்போது, விடிந்து ராஜபாளையம் தாண்டியதும் பெட்டியை எடுத்து வைத்துக்கொள்வேன். அடுத்தது சங்கரன்கோவில். வண்டி அங்கிருந்து கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டையில் போய் நிற்கும். இருபது வருடமாக டிக்கெட்டில் 'செங்கோட்டை' என்ற பெயரைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு பெண் அத்தனை பாட்டுக் கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல்தான்.

அதுவும் தற்செயல். கூட வேலை பார்க்கும் நண்பர் வீட்டுக் கல்யாணம், கல்லிடைக்குறிச்சியில். அவருடைய பாட்டி ஊஞ்சல் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். வழக்கமான கல்யாணப் பாட்டு என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் நடுவில் பிரம்மம், மாயை என்று வருகிறது. என்ன பாட்டு பாட்டி என்று கேட்டதற்கு, "அக்கா பாட்டு" என்றார். எந்த அக்கா? "செங்கோட்டை ஆவுடையக்கா. எங்க பாட்டி பாடுவா."

அதற்கப்புறம் தேட ஆரம்பித்தேன். பழைய காலப் பெண் எழுத்து என்றால் எனக்குத் தெரிந்தது காரைக்கால் அம்மையார், ஆண்டாள். அங்கிருந்து ஒரே தாவலில் ஜேன் ஆஸ்டின், பிரான்டே சகோதரிகள். நடுவில் நம் பக்கத்தில் யாருமே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இந்தக் கட்டுரை அந்த அறியாமைக்கு ஒரு பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாழ்க்கை, சுருக்கமாக. ஆவுடையக்காள் சிறு வயதிலேயே விதவையானவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர வெங்கடேச அய்யாவாள் அவருக்கு உபதேசம் செய்தார் என்பது மரபு. அய்யாவாள் தஞ்சை ஷாஹஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1684–1712) காலத்தவர். ஆகவே அக்காளை 17ஆம் நூற்றாண்டின் கடைசி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று வைக்கலாம். ஊர் அவரை ஒதுக்கியது, அவர் ஊர் ஊராக அலைந்து திரும்பி வந்தார், ஓர் ஆடி அமாவாசை அன்று குற்றால மலையில் ஏறியவர் திரும்பவில்லை என்பதெல்லாம் வாய்வழிக் கதை.

அக்காளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு சாராருக்கு அவர் மகான். இன்னொரு சாராருக்குக் கலகக்காரி. இரண்டுக்கும் பாட்டில் ஆதாரம் இருக்கிறது. எனக்கு இருக்கும் குறை, இரண்டு பேருமே பாட்டைப் பாட்டாகப் பார்ப்பதில்லை என்பது.

அவர் பாடல்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். வேதாந்தக் கும்மி, வேதாந்த அம்மானை, வேதாந்தப் பள்ளு, வேதாந்த வண்டு, வித்தை சோபனம், ஞானக் குறவஞ்சி நாடகம், வேதாந்த ஆச்சே போச்சே. பாதித் தலைப்பு சாஸ்திரம், பாதி வீட்டு முற்றம். கும்மி வட்டமாக நின்று கொட்டுவது. அம்மானை காய் வீசி ஆடுவது. சோபனம் கல்யாணத்தில் பாடுவது. 'ஆச்சு', 'போச்சு' இரண்டும் நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் சொற்கள். அத்வைதம் அன்றைக்கு இருந்த இடம் வேறு: சமஸ்கிருதம், பாஷ்யம், குருவின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண் சீடன். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்கு அங்கே இடம் கிடையாது. அந்த விஷயத்தை அக்காள் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்துவிட்டார். இதை நான் பக்தி என்றோ புரட்சி என்றோ சொல்வதற்கு முன்னால் வடிவம் பற்றிய முடிவு என்று சொல்வேன். கும்மியில் ஒருத்தி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மனப்பாடம் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஏடு வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சேமிப்பும் பரிமாற்றமும் ஒரே பொறியில்.

இன்னொரு உதாரணம் சூடாலைக் கும்மி. மூலக்கதை யோக வாசிஷ்டத்தில் வருகிறது. சூடாலை ஒரு ராணி. கணவன் சிகித்வஜனுக்கு முன்னால் அவளுக்கு ஞானம் வந்துவிடுகிறது. மனைவி சொன்னால் ராஜா காதில் ஏறவில்லை. காட்டுக்குத் தவம் செய்யப் போய்விடுகிறார். அவள் கும்பன் என்ற பிராமண இளைஞனாக உருவம் மாறிப் போய்ச் சொன்ன பிறகுதான் கேட்கிறார். புராணங்களில் பெண்கள் கும்மி கொட்ட எத்தனையோ பதிவிரதைக் கதைகள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, புருஷனுக்கே குருவான பெண்ணின் கதையை எடுத்திருக்கிறார். 1847இல் எமிலி பிரான்டே 'எல்லிஸ் பெல்' என்று ஆண் போலத் தொனிக்கும் பெயரில் நாவல் வெளியிட்டதைப் படித்தபோது எனக்குச் சூடாலை ஞாபகம்தான் வந்தது. அக்காள் அந்த வேஷத்தைக் கதைக்குள் வைத்துக் காட்டினார், தான் போட்டுக்கொள்ளவில்லை.

இதே வட்டாரத்தில், ஏறக்குறைய அதே காலத்தில், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி எழுதினார். மதுரை முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்காக நிலம் மானியம் விட்டார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். கவிராயரின் நூல் பாடப்புத்தகம் வரை வந்தது, அதற்குத் தகுதியும் உண்டு. சில மைல் தள்ளி இன்னொரு குறவஞ்சியும் இருந்தது என்பதை என் தமிழ் ஐயா யாரும் சொன்னதில்லை.

சரி, பாராட்டு போதும். குறையும் சொல்ல வேண்டும். திரட்டைப் புத்தகமாக உட்கார்ந்து தொடர்ச்சியாகப் படித்தால் அலுக்கும். பல பாட்டுகள் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: நீயே அது, உலகம் தோற்றம், அவ்வளவுதான். மகாவாக்கியங்களும் சமஸ்கிருதக் கலைச்சொற்களும் கூட்டமாக வரும் இடங்களில் கும்மியின் கால் தடுக்குகிறது. தனித்தனி நாளில், தனித்தனிச் சடங்கில் பாட வேண்டியதை மொத்தமாகக் குவித்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சமாதானம் சொல்லலாம். பாதி அளவுக்கு அது சரி. மீதிப் பாதி, அவருக்கே எல்லா நாளும் ஒரே அளவு கவிதை வரவில்லை என்பதுதான்.

வரும் இடத்தில் எப்படி வருகிறது என்றால், தீட்டையும் எச்சிலையும் பற்றிய கண்ணிகளைச் சொல்வேன். எந்த ரத்தத்தைத் தீட்டு என்று ஒதுக்குகிறீர்களோ அதுதானே திரண்டு உடம்பானது, அப்புறம் அந்தத் தீட்டு எங்கே போயிற்று என்று கேட்கிறார். எச்சில் படாத பொருள் எது, காட்டு என்கிறார். இங்கே ஒரு கலைச்சொல்லும் இல்லை. அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் தினமும் இந்த விதிகளுக்குள் நடந்தவர் கேட்கும் கேள்வி. அத்வைதம் முதல்தடவையாக எனக்கு உறைத்த இடம் இதுதான்.

அடுத்தது பாட பேதம். இந்தப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வாயிலும் பிறகு அவர்கள் நோட்டுப் புத்தகங்களிலும் இருந்து, 20ஆம் நூற்றாண்டில் திரட்டி அச்சானவை. தபோவனம் ஞானானந்த நிகேதன் பாடல் திரட்டாக வெளியிட்டது. 2012இல் காஞ்சனா நடராஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. எந்த வரி அக்காளுடையது, எது இடையில் ஒரு பாட்டி சேர்த்தது? எமிலி டிக்கின்சன் 1886இல் இறந்தபின் பதிப்பாளர்கள் அவர் கவிதைகளைத் திருத்தி வெளியிட்டார்கள், ஆனால் கையெழுத்துப் பிரதி இருந்ததால் 1955இல் மூலத்துக்குத் திரும்ப முடிந்தது. நமக்குத் திரும்ப இடமில்லை. மாற்றங்களின் வரலாறே இல்லாத ஒரு நிரல் மாதிரி, கடைசி வடிவம் மட்டும் கையில் இருக்கிறது.

ஆனால் ஏட்டில் இருந்தால் மட்டும் பத்திரமா? தஞ்சை அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் முத்துப்பழனி என்ற தேவதாசி தெலுங்கில் ராதிகா சாந்தவனம் எழுதினார். பின்னால் வந்த பதிப்பில் அவர் தன்னைப் பற்றி எழுதிய முன்னுரையே வெட்டப்பட்டிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலத்தைத் தேடிப் பிடித்து 1910இல் முழுதாக வெளியிட்டார். ஆபாசம் என்று அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை விலகச் சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சுப் பிரதியைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகலாம். கல்யாண வீட்டில் ஊஞ்சல் பக்கத்தில் முணுமுணுக்கும் பாட்டியை என்ன செய்வது?

அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் இருந்தது. சாதி ஏது, தீட்டு ஏது என்று கேட்ட பாட்டு, பெரும்பாலும் அக்ரஹாரத்துப் பெண்கள் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளு என்று பெயர் வைத்த பாட்டு வயலுக்குப் போனதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவுக்கும் வரவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊரில் கோமதியம்மனுக்கே ஆவுடையம்மாள் என்று ஒரு பெயர் உண்டு. தெருவுக்கு நாலு ஆவுடை.

என் பெரியம்மா பெயரும் ஆவுடைதான். எழுபது தாண்டியவர். விசைத்தறிச் சத்தம் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டியவர். போன ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனபோது திரட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கும்மியைப் படித்துக் காட்டினேன். நாலு வரி போவதற்குள் கையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். "மெட்டு நல்லா நிக்குதே, ஏய்யா." கலைச்சொல் வந்த இடங்களில் நாக்கு புரளவில்லை, அந்த இடத்தில் 'ஆத்தா' என்று போட்டு அவர்பாட்டுக்கு மேலே போனார். நான் திருத்தவில்லை. முந்நூறு வருடமாக இப்படித்தான் நடந்திருக்கும்.

பிறகு தீட்டுக் கண்ணிகளைப் படித்தேன். கை நின்றுவிட்டது. மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தவர் அவர்.

"இது பொம்பளை பாடுனதா?"

"ஆமா பெரியம்மா. செங்கோட்டைக்காரங்க. அவங்க பேரும் ஆவுடைதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சத்தமாப் படிக்காத, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றார். நான் புத்தகத்தை மூடப் போனேன்.

"மூடாத. மெதுவா இன்னொரு வாட்டி படி."