பான் ஸ்காட்: பாட்டும் பழியும்

கலைஞனின் வாழ்க்கையைக் கொண்டு அவன் கலையை அளக்கலாமா என்னும் வினா திறனாய்வில் மிகப் பழைமையானது. ஆஸ்திரேலிய ராக் இசைப் பாடகர் பான் ஸ்காட் அவ்வினாவை மீண்டும் எழுப்புகின்றார். 1980 பிப்ரவரி 19ஆம் நாள், மிகுதியாக மது அருந்தியதன் விளைவாக, இலண்டனில் தம் 33ஆம் அகவையில் அவர் மறைந்தார். அன்று முதல் அவருடைய சாவே அவர் பாட்டுக்கு உரையாகிவிட்டது. அவ்வுரை பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1946இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், 1952இல் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மெல்பர்னில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், அக்குடும்பம் மேற்குக் கரையிலுள்ள ஃபிரிமாண்டில் நகரை அடைந்தது. அங்கே ஸ்காட்லாந்தியரின் பைக்குழல் இசைக்குழுவில் இளம் பருவத்திலேயே முரசு முழக்கினார். பின்னர் அஞ்சற்காரராகவும் பணியாற்றினார். ஸ்பெக்டர்ஸ், வேலண்டைன்ஸ், ஃபிரெட்டர்னிட்டி எனக் குழுக்கள் பல மாறியும் பெரும்புகழ் கிட்டவில்லை. 1974இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் படுகாயமுற்றார். அவ்வாண்டிலேயே மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்களின் ஏசி/டிசி குழுவில் பாடகராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 28.

குழுவின் இசை பெரும்பாலும் சகோதரர்களுடையது, சொல் ஸ்காட்டினுடையது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த புளூஸ் இசை, துயரத்தை எளிய சொல்லில், ஒரு கசந்த நகைப்போடு கூறும் இயல்புடையது. அவ்வியல்பை ஸ்காட் உழைப்பாளர் பேசும் மொழியில் வடித்தார் எனலாம். 1975இல் பதிவான 'இட்ஸ் எ லாங் வே டு த டாப்' என்னும் பாடலை நோக்குக. ஏமாற்றப்படுதல், அடிபடுதல், குறைந்த கூலி என இசைக்கலைஞன் படும் பாடுகளை அது ஒரு கணக்கேடு போல வரிசைப்படுத்துகின்றது. அழுகையோ வேண்டுகோளோ அதில் இல்லை. இடையே கிட்டாரும் பைக்குழலும் ஒன்றுக்கொன்று விடையிறுக்கின்றன. குடியேறிய சிறுவனின் தாயக இசை, புதிய நாட்டின் ஆரவாரத்திற்குள் இவ்வாறு இடம்பெற்று விடுகின்றது.

1976இல் வெளிவந்த 'ரைட் ஆன்' மெதுவாகச் செல்லும் புளூஸ் பாடல். தனிமையில் அலைபவன் ஒருவன் திருந்த எண்ணுகின்றான். ஆயினும் தன் எண்ணத்தைத் தானே முழுதும் நம்புகின்றானில்லை. குரலை உயர்த்திப் பழகிய பாடகர் இங்கு அதனைத் தாழ்த்துகின்றார். தம்மைத் தாமே எடைபோட அறிந்தவரின் பாட்டு இது.

குறைகளும் உள. பெண்களை வெறும் கேலிப்பொருளாக்கும் பாடல்கள் சிலவற்றை அவர் எழுதினார். நகைச்சுவை என்று கூறி அவற்றுக்கு விலக்களித்தல் நேர்மையான திறனாய்வாகாது. ஆனால் அக்குறைகளைப் பாட்டிலேயே காட்டி மறுக்க வேண்டுமேயன்றி, அவர் குடியைக் காட்டி மறுத்தல் முறையன்று.

1979இல் வந்த 'ஹைவே டு ஹெல்' அமெரிக்காவில் குழுவுக்குப் பெரும் வெற்றியளித்தது. மறு ஆண்டே அவர் மறைந்ததால், பலர் அத்தலைப்பைச் சாவின் முன்னறிவிப்பாகக் கொண்டனர். ஓயாத இசைப்பயணத்தின் துன்பத்தையே அது குறித்ததென ஆங்கஸ் யங் விளக்கியுள்ளார். 1975 முதல் 1979 வரை, ஐந்தே ஆண்டுகளில் ஆறு இசைத்தட்டுகளை அக்குழு ஆஸ்திரேலியாவில் வெளியிட்டது. இடையறாது மேடையும் ஏறியது. இவ்வுழைப்பைக் குடிகாரன் என்னும் ஒற்றைச் சொல் விளக்கவல்லதா?

2008இல் ஃபிரிமாண்டில் துறைமுகப் பகுதியில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அவருடைய முடிவைப் போற்றுவோரும் பழிப்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: இருவருமே பாடலைக் கேளாமல் சாவையே படிக்கின்றனர். மது அவர் பாடல்களை எழுதவில்லை. எழுதவேண்டிய பாடல்களைத் தடுத்துவிட்டது. மாணவர்க்கு நாம் உணர்த்தத் தக்கது இதுவே.