சாத்தன் பெயர் கீறிய ஓடும் 'தூய எகிப்தும்'

பண்டைய எகிப்தியக் கலை என்றதும் பக்கவாட்டு முகமும் நேர்நோக்கிய தோளுமாக ஓர் உருவம் மனதில் நிற்கும். மூவாயிரம் ஆண்டு மாறாத கலை என்பது அதன் அடையாளமாகவே ஆக்கப்பட்டுவிட்டது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகெனாதன் காலத்துச் சிற்பங்களின் நீண்ட முகமும் சரிந்த வயிறும், ரோமானியர் ஆட்சியில் மம்மிகளின் மேல் பதித்த ஃபயூம் உருவப்படங்களும் இந்தக் கதையாடலுக்குள் அடங்குவதில்லை. அவற்றை 'விலகல்', 'கலப்பு' என்று ஓரங்கட்டித்தான் 'தூய எகிப்து' கட்டப்பட்டது.

இதுல சாத்தான்குளத்துக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கு. ஃபயூம் படங்கள் தீட்டப்படத் தொடங்கிய அந்த முதல் நூற்றாண்டையொட்டி, செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில், சாத்தன், கணன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. எங்க ஊர்ப் பெயரைக் கேட்டு விவிலியச் சாத்தானை நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அதைச் சாஸ்தாவோடும் வணிகச் சாத்தோடும் சேர்த்தே வாசிக்கிறேன். அந்த ஓட்டில் கடவுளும் இல்லை, மன்னனும் இல்லை. ஆகவே எகிப்தியக் கலை வரலாற்றில் அதற்கு இடமில்லை. நாமோ, 'பாத்தியா, அங்கயும் நாமதான்' என்று மார்தட்டுகிறோம்.

இரண்டும் ஒரே நோய். கெய்ரோவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த எலியட் ஸ்மித், நாகரிகம் எகிப்திலிருந்தே உலகெங்கும் பரவியது என்று வாதிட்டவர். தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரின் மண்டையோடுகளையும் அவர் ஆராய்ந்தார். சுக்கர்மனின் ஆய்வும் அவரது குறிப்புகளும் 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தன. தாழி வனைந்த கையைப் பற்றிய பேச்சைவிட, மண்டையை அளந்து இனம் பிரிக்கும் பேச்சே ஓங்கியது.

2025 ஜனவரியில் சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 வரை காலக்கணிப்பு அறிவிக்கப்பட்டதும், 'எகிப்துக்கே மூத்தவங்க' என்ற குரல் எழுந்தது. எலியட் ஸ்மித்தின் வரைபடம் அப்படியே இருக்கு. அம்புக்குறியைத்தான் திருப்பிப் போட்டிருக்கோம். எகிப்தின் கெர்சேயில் கிடைத்த பழைய இரும்பு மணிகள் விண்கல்லைத் தட்டிச் செய்தவை. தாதுவை உருக்குவது வேறு தொழில்நுட்பம். உலை எங்கே, எந்த மரத்துக் கரி, ஊதியவன் யாரு என்ற கேள்விகளை ஆண்டுக் கணக்கு விழுங்கிவிடக் கூடாது.

சாத்தன் பெயர் கீறியது பானை தன்னுடையது என்று சொல்ல. நாகரிகமே தன்னுடையது என்று அவன் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.