மணிமேகலை அளவையில் கட்டாயத்தின் இடம்

வாகூர்ச் செப்பேடு, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தே அவ்வூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைக் கூறும். வித்தியாத்தானம் என மரபில் எண்ணப்பெறும் பதினான்கு துறைகளுள் நியாயமும் ஒன்று. அப்பல்லவர் தலைநகராகிய காஞ்சியிலேயே மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த அளவை கேட்டனள் என்று காப்பியம் உரைக்கும்.

இருபத்தொன்பதாம் காதையின் அவ்வளவைப் பகுதியை இக்காலக் குறியீட்டால் எழுதப் புகுவார்க்கு ஓர் இடர் உண்டு. ‘எல்லாம்’ என்னும் முழுமையையும் ‘ஆகாமல் இயலாது’ என்னும் கட்டாயத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் எளிது. காப்பியமோ அவ்வாறு கொள்ளவில்லை. காரணம், காரியம், சாமானியம் என்னும் மூவகைக் கருத்தளவையுள் பிழை நேர்தலும் கூடும் என்றும், புகையால் நெருப்பை உணர்வது போன்ற காரியக் கருத்தே பிழையாதது என்றும் பகுத்துரைக்கின்றது. ஆதலின், பொதுக்கூற்று அனைத்தின்மேலும் கட்டாயக் குறியிடுதல் நூற்கருத்தொடு மாறுபடும். காரியக் கருத்தின்மேல் இடுதலே பொருந்தும்.

அவ்விடத்தும் குறியை முன்னர் இடுவதா, பின்னர் இடுவதா என்னும் வினா எழும். வில்லியனூர்ச் சுடுமண் வினைஞரின் சூளைப்புகையைக் கருதுக. இன்று உள்ள ஒவ்வொரு புகையும் நெருப்பின்றி எழ இயலாது என்பது ஒன்று. எழக்கூடிய புகை எதுவும் நெருப்பின்றி எழாது என்பது மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதைப் பெறும் நெறியை ரூத் பார்க்கன் 1946இல் வகுத்தார். ஐந்தாம் எண் முறை எனப்படும் வலிய முறையில் அது வழக்கமான விதிகளாலேயே நிறுவப்படும் எனப் பிரையர் 1956இல் காட்டினார். உள்பொருள்களின் தொகை மாறக்கூடுமெனின் அந்நெறி செல்லாது எனக் கிரிப்கி 1963இல் விளக்கினார்.

இவ்வேறுபாடு நம் பகுதிக்கு உயிரானது. நெருப்புக் காணப்படாத புதிய புகைக்கே கருத்தளவை வேண்டப்படுகின்றது; எனவே அதற்கு அகன்ற கூற்று இன்றியமையாதது. எடுத்துக்காட்டுகளோ கண்டவற்றையே காட்டுவன. கண்டவற்றின் கட்டாயத்திலிருந்து காணாதவற்றின் கட்டாயத்திற்குச் செல்லும் படி காப்பியத்துள் விரித்துரைக்கப்படவில்லை. ‘பிழையாதது’ என்னும் துணிபே அவ்விடத்தை நிரப்புகின்றது.

இதனை நூலின் குறையென யாம் கூறேம். ஆயின், குறியீட்டால் அவ்விடைவெளியை மறைத்தல் உரையாசிரியர்க்கு அறமன்று. அதனைச் சுட்டிக் காட்டுதலே ஆய்வின் கடன் என்க.