ஏற்காட்டுப் புதருக்கு எந்த வெட்டி?

சேர்வராயன் மலையில் நிலம் வாங்கிப் போட்டுவிட்டுச் சேலத்திலோ சென்னையிலோ குடியிருப்பவர்கள் பலர். இரண்டு மழைக்காலம் எட்டிப் பார்க்காமல் விட்டால் போதும், உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு எழும்பி வேலி எது, வழி எது என்று தெரியாமல் மூடிவிடும். வெட்ட ஆள் தேடினால் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அந்த நேரத்தில்தான் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் புதர் வெட்டியின் காணொளி கைபேசியில் வந்து ஆசை காட்டும். வெட்டவெளியில் வண்டி முன்னே போக, பின்னால் புதர் தூளாகிக் கிடக்கும். அது எந்த ஊர் வெட்டவெளி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த வெட்டிகளில் இரண்டு வகை உண்டு. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து, நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில், சக்தியை வாங்கிக்கொள்வது ஸ்லாஷர். தனக்கென்று பெட்ரோல் எஞ்சினோடு, சின்ன வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்தொடர்வது இழுவை வெட்டி. நாள் கணக்கில் ஆள் வெட்டுவதை இவை மணிக்கணக்கில் முடிக்கும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. விற்பவர்கள் அதை அதிகம் சொல்வதில்லை. செடியைத் தரைக்கு மேலே வெட்டுவதால் மண் கலையாது. மலைத் தோட்டத்தில் மழைக்கு முன்னால் நிலம் முழுக்க மம்முட்டியால் கொத்திப் போட்டால் மேல்மண் ஓடையோடு போய்விடும். காபித் தோட்டங்களில் களையை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடுவது இதற்காகத்தான்.

ஆனால் ஏற்காடு மலையாயிற்றே. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்த பிறகும் நிலம் சமமாகக் கிடப்பது ஏரியைச் சுற்றியும் அங்கங்கே சில மேடுகளிலும்தான். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளுக்கு 15 பாகைச் சரிவுதான் எல்லை என்பது பொதுவான பாதுகாப்பு விதி. பத்தடிக் கயிற்றின் மேட்டுப் பக்க முனையைத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்து நேராகப் பிடியுங்கள். இறக்கத்துப் பக்க முனைக்கும் தரைக்கும் இடைவெளி இரண்டே முக்கால் அடியை நெருங்கினால் எல்லை வந்துவிட்டது என்று பொருள். இழுவை வகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இறக்கத்தில் பின்னால் வரும் எடை முன்வண்டியைத் தள்ளும். வண்டி திரும்ப, வெட்டி நேரே வர, இரண்டும் கத்தரிக்கோல் போல மடிந்துகொள்ளும். ரிவர்ஸ் எடுத்துச் சமாளிக்க அங்கே இடம் இருக்காது.

கல்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த மலையே சார்னோக்கைட் பாறை. நல்ல ஸ்லாஷரில் கத்திகள் கீல் வைத்து மாட்டியிருக்கும். கல்லில் பட்டால் மடங்கி விலகும். புதருக்குள் முழங்கால் உயரப் பாறை ஒளிந்திருந்தால் அந்தக் கீல் என்ன செய்யும்? கியர்பாக்ஸிலிருந்து வரும் சத்தத்திலேயே செலவு தெரிந்துவிடும். காபி வரிசைக்குள் நுழைக்கும் எண்ணமே வேண்டாம். ஆறடிக்கு ஆறடி நட்ட அரபிகா கிளை பரப்பிவிட்டால் ஆள் நடக்கவே உடம்பை ஒடுக்க வேண்டும். சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியின் அடித்தண்டு ஒரே உரசலில் போய்விடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை வேரில் இருக்கிறது. உண்ணிச்செடி 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து நாடெங்கும் பரவியது. மேலே வெட்டினால் சாகாது. தூரில் மழை விழுந்ததும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வருடா வருடம் இயந்திரத்துக்கு வேலை தயாராக இருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு முன்வைத்த முறை நேர் எதிரானது. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் ஆணிவேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். துளிர்க்கும் பகுதி வேரை இழந்துவிடுவதால் மறுபடி எழாது. தூர் தூராகக் கொத்துவதால் நிலம் முழுக்க மண் கலைவதுமில்லை. காய் பழுக்கும் முன் முடிக்க வேண்டும். பழுத்துவிட்டால் பறவைகள் விதையைக் கொண்டுபோய்விடும். எந்த இழுவை வெட்டிக்கும் இந்த வேலை வராது.

களைக்கொல்லிக்குத் தாவ நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022-இல் கட்டுப்பாடு விதித்தது.

சரிவுக்கு ஏற்றது தோளில் மாட்டும் பெட்ரோல் வெட்டிதான். புல்லுக்கு நைலான் நரம்பு, தடித்த தண்டுக்கு இரும்புத் தகடு. அதுவும் சாதுவான கருவியல்ல. கல் தெறிக்கும், 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. லுங்கியும் ரப்பர் செருப்புமாக, முகக்கவசம் இல்லாமல் அதை வீசுகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனாலும் பாறையையும் மிளகுக்கொடியையும் பார்த்து ஒதுங்கிப் போகத் தெரிந்த ஒரு ஆளின் கையில் அது இருக்கிறது. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. புதருக்குள் நிற்பது உண்ணியா, மரக்கன்றா என்று பிரித்துப் பார்க்க இழுவை வெட்டிக்குக் கண் கிடையாது.

முதல் வெட்டுக்குத் தோள் வெட்டியும் மம்முட்டியும்தான் சரி. வேர் போன பிறகு, சரிவு குறைந்த திறந்த நிலத்தில் புல்லை மட்டம் வைக்க இழுவை வெட்டி நன்றாகவே உழைக்கும். வருடத்தில் சில நாள் வேலைக்கு அதைச் சொந்தமாக வாங்குவது வீண். உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் வாடகை வசதி இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். வாங்கியே தீருவேன் என்பவர்கள் முன்பணம் நீட்டும் முன், உங்கள் நிலத்தின் ஆகச் செங்குத்தான மூலையில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.