பொடி எழுத்தில் ஜவ்வாது மலை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில், கணியம்பாடியில் டீ குடிக்க நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து புளி ஏற்றி வந்த வண்டி. டிரைவரிடம் சொன்னேன். ''தெரியும் சார். போன வாரம்தான் ஆயில் ஃபில்டர் மாத்தினேன். எவ்வளவு டைட் பண்ணியும் நிக்கல'' என்றவர், டேஷ்போர்டிலிருந்து மூலை மடியாத ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். வண்டியோடு வந்த மேனுவல். ''நமக்கு ஒண்ணும் புரியல. நீங்க பாருங்க.''

இந்த வாரம் அந்தப் புத்தகத்துக்குத்தான் விமரிசனம். சிரிக்காதீர்கள். நாவல் சரியில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். இது சரியில்லை என்றால் எஞ்சின் ஜாம் ஆகும். ஆனால் லோன் தவணை நிற்காது.

கம்பெனி பெயர் வேண்டாம். நான் புரட்டிய நாலைந்தும் ஒரே ஜாடைதான். ரேடியோவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயில் கசிந்தால்? அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போகவேண்டுமாம். ராத்திரி பத்து மணிக்கு அமிர்தி காட்டு ரோட்டில் அது எங்கே இருக்கிறது? 2005-ல் டாடா ஏஸ் வந்து நம்மூரில் 'குட்டி யானை' ஆனதிலிருந்து, முதலாளி, டிரைவர், கிளீனர் மூன்றும் ஒரே ஆள்தான். புத்தகம் எழுதுகிறவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

பெரிய குற்றம், ஆயிலும் ஃபில்டரும் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்கிற அட்டவணையில் இருக்கிறது. மேலே ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், தூசி, மலைப்பாதை, அதிக பாரம், நின்று நின்று போவது என்றால் சீக்கிரமே மாற்றவேண்டும் என்று வருகிறது. ஐயா, இந்த நாலும் சேர்ந்ததுதான் ஜவ்வாது மலை!

நல்லதையும் சொல்லவேண்டும். ஆயில் குச்சியைப் பார்க்கும் முறையை ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்கியபிறகு பார்க்கவேண்டும். சரிவில் பார்த்தால் குச்சி பொய் சொல்லும்.

சொல்லாமல் விட்டதுதான் அதிகம். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். எஞ்சினைத் துடைத்துவிட்டு, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்து ஈரத்தின் மேல் நுனியைத் தேடுங்கள். டாப் கவர் பேக்கிங்கா, டிரெயின் போல்ட் வாஷரா, ஃபில்டரா என்று அப்போதுதான் தெரியும். கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயிலாக இருக்கலாம். நாலு பக்கமும் ஒரே சமயத்தில் கசிந்தால் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல்களைத் தள்ளும். பேக்கிங்கை மாற்றி மாற்றிப் பர்ஸ் காலியாகும்.

ரோட்டோர மெக்கானிக்குகள் வாய்மொழியாகச் சொல்லும் மேனுவலிலும் கோளாறு உண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டே வைத்தியம்: டைட் பண்ணு, பேஸ்ட் அப்பு. அதிகமாக அப்பிய பேஸ்ட் உள்ளே உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும்.

டீக்கடைக்கு எதிரே ஒரு பட்டறை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஃபில்டரைக் கழற்றச் சொன்னோம். உள்ளே, ஒட்டிக்கொண்ட ரெண்டு தோசை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் வளையம்! பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன்மேலேயே புதுசை மாட்டியிருக்கிறார்கள். அழுத்தம் வந்ததும் பிதுங்குகிறது. டைட் பண்ணப் பண்ண மோசம்தான். இடத்தைத் துடைத்து, புது வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்டதும் இன்னும் ஒரு முக்கால் சுற்று, கையாலேயே. அவ்வளவுதான்.

ஆயில் ஃபில்டரை அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் 1923-ல் கொண்டுவந்தார். 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்பதைச் சுருக்கி ப்யூரோலேட்டர் என்று பெயர். நூறு வருஷம் தாண்டிவிட்டது. அந்த ரப்பரைப் பற்றி இந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

குச்சியை எடுத்துப் பார்த்தோம். நுனியில் மட்டும்தான் ஈரம். இன்னும் நாலு மலைத் திருப்பம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசவில்லை. ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அடியில் அட்டை போட்டுப் பார்த்தோம். சொட்டவில்லை.

டிரைவர் என்னிடம் பேனா வாங்கினார். மேனுவலின் கடைசியில் குறிப்புகளுக்கென்று காலியாக விட்டிருந்த பக்கத்தில் 'பழய ரப்பர் வந்துச்சா பாக்கணும்' என்று எழுதிக்கொண்டு, டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.