அச்சு அசல்

'அச்சு அசலாக இருக்கிறது' என்று நம்மவர்கள் பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாகப் பிடிபடாத விஷயம். கதையில் வரும் கிழவி அடுத்த வீட்டுக் கிழவி மாதிரியே பேசினால் கதை தேறிவிட்டது என்கிறார்கள். அந்தக் கிழவிதான் அடுத்த வீட்டிலேயே இருக்கிறாளே, பிறகு கதை எதற்கு என்று கேட்டால் பதில் வராது. உருவவாதி என்று பட்டம் வரும். இதை இலக்கியத்தில் வைத்துப் பேசினால் உடனே ஆளுக்கொரு கட்சி ஆகிவிடுகிறது. ஆகவே நமக்கு உறவோ பகையோ இல்லாத ஒரு துறைக்குப் போய்ப் பார்க்கலாம். களிமண்ணைக்கொண்டு அன்றாடச் சாமான்களை, செய்தித்தாள், தோல்பை, டைப்ரைட்டர் என்று, கையால் செய்து சூளையில் சுட்டுவைக்கும் சிற்பிகள் சிலர் உண்டு. அச்சு அசல் என்ற பாதையில் அதன் கடைசித் தெரு வரைக்கும் போனவர்கள் இவர்கள்.

முதலில் மிஷிமா கிமியோ. ஜப்பானில், ஒஸாகாவில் 1932-ல் பிறந்தவர். ஓவியராக இருந்தவர், படங்களில் பழைய தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தவர், 1970-களின் தொடக்கத்தில் அந்தத் தாளையே மண்ணில் செய்ய ஆரம்பித்தார். களிமண்ணைக் கட்டையால் தேய்த்து மெல்லிய தகடாக்கி, ஸில்க் ஸ்கிரீன் முறையில் எடுத்த அச்செழுத்துக்களை அதன்மேல் ஏற்றி, காய்வதற்குள் மடித்துக் கசக்கிச் சூளைக்கு அனுப்புவார். வெளியே வருவது நேற்றைய செய்தித்தாள். மூலை சுருண்டிருக்கிறது, படித்துவிட்டு எறிந்த தாளுக்கே உரிய அலட்சியம்கூட இருக்கிறது. தொட்டால் ஓடு. கைதவறினால் சில்லு. 'உடையும் அச்சுப்பொருள்' என்று பொருள்படும் ஒரு பெயரையும் இவற்றுக்கு வைத்தார். தலைக்குமேல் பெருகும் தகவலைக் கண்ட பயம்தான் இவற்றின் ஊற்று என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கண் முதலில் தாள் என்கிறது. கை அதை மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது; படைப்பு நிகழ்வது அங்கேதான் என்பது என் கட்சி. ஏமாற்றுவது மட்டுமே நோக்கமாயிருந்தால் இது பொருட்காட்சி வித்தை. ஏமாற்று கலைந்த பிறகுதான் மிஷிமா நம்மை எடுத்துக்கொள்கிறார். இந்தப் பக்கத்தைப் புரட்ட முடியாது. முதல் பக்கத்துத் தலைப்பு எதுவோ அதுவே என்றைக்கும். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை. மறுநாள் கடலை மடிக்கப் போகவேண்டிய தாளுக்கு ஆயிரம் வருஷ ஆயுளும், கூடவே ஒரு நொடியில் நொறுங்கும் விதியும் சேர்ந்து கிடைக்கின்றன. இது ஒன்றும் புதிய விதியல்ல. எழுத்தின் தொடக்கமே களிமண்தான். மெஸபொடேமியாவில் ஈரமண்ணில் நாணல் முனையால் குத்திக் குறித்த பழைய பலகைகளில் பெரும்பகுதி பார்லிக் கணக்கும் ஆட்டுக் கணக்கும் கூலிக் கணக்கும். காவியங்கள் பிறகு வந்தன. வங்கிக் குமாஸ்தாவாகிய எனக்கு இதில் ஓர் அற்பத் திருப்தி உண்டு, மறைப்பானேன்.

ஆனால் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவை புகைப்படங்கள். புகைப்படத்தில் மண் செய்தித்தாளும் தாள் செய்தித்தாளும் ஒன்றேதான். எடை இல்லை, குளிர்ச்சி இல்லை, தட்டினால் எழும் ஒலி இல்லை. எந்த வித்தியாசத்தில் படைப்பு உயிரோடு இருக்கிறதோ அதை மட்டும் காமிரா கச்சிதமாகக் கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது படத்துக்குக் கீழே 'சுடுமண்' என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை நம்பி நாம் ரஸிக்கிறோம். மேலைநாட்டு நவீனத்துவத்தில் பெரும்பகுதி நமக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். பொருள் அங்கே, குறிப்பு இங்கே. இந்தக் கட்டுரையோடு ஒரு படம் போடலாமே என்று ஆசிரியர் கேட்டபோது வேண்டாம் என்றதற்கும் இதுவே காரணம்.

இதில் எல்லோரையும் மிஞ்சிய கேலிக்கூத்து ஒன்று ட்யூஷாம்புக்கு நேர்ந்தது. 1917-ல் நியூயார்க்கில், கடையில் வாங்கிய பீங்கான் மூத்திரக்கலம் ஒன்றில் 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டு 'ஊற்று' என்ற பெயரில் அவர் கண்காட்சிக்கு அனுப்பியதும், கட்டணம் கட்டிய எவருக்கும் இடமுண்டு என்ற கண்காட்சியே அதை ஒதுக்கியதும் பலரும் அறிந்த கதை. கலைஞனின் கை தேவையில்லை, தேர்வு போதும் என்பது அதன் சித்தாந்தம். அந்த அசல் தொலைந்துபோயிற்று. மிஞ்சியது ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படம். 1964-ல் ட்யூஷாம்பின் சம்மதத்தோடு மிலான் நகரக் கலை வியாபாரி ஆர்ட்டுரோ ஷ்வார்ஸ் எட்டுப் பிரதிகள் செய்வித்தார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து, மண்ணில் வனைந்து, மெருகேற்றி, பழைய பீங்கான்போலவே தோற்றமளிக்கும்படி வர்ணம் தீட்டி, கையெழுத்தையும் அப்படியே எழுதி. கையை ஒழிப்பதற்காகப் பிறந்த படைப்பு கைவேலையாக மறுபிறவி எடுத்து மியூசியங்களில் உட்கார்ந்திருக்கிறது. லண்டன் டேட் கூடத்தில் இருப்பது அவற்றுள் ஒன்று. புகைப்படத்துக்கு அச்சு அசல்! ட்யூஷாம்ப் இதைக் கண்டு சிரித்திருப்பார் என்று அவருடைய பக்தர்கள் சொல்வார்கள். பக்தர்களுக்கு எதற்கும் பதில் உண்டு.

கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஆர்னஸன் (1930–1992) இதே கழிப்பறைக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்தவர். 1963-ல் அவர் செய்த மண் கழிப்பறைப் பீடத்தை ஓக்லண்ட் கண்காட்சியொன்றிலிருந்து அகற்றச் சொன்னார்கள். ட்யூஷாம்பின் கலம் வழவழப்பானது, யாருடையதும் அல்லாதது. ஆர்னஸனுடையது விரல் அழுத்திய தடங்களோடு, ஆபாசமாக, ஒரு ஆள் உட்கார்ந்து செய்தது என்று கத்திக்கொண்டு நிற்கிறது. 1965-66-ல் அவர் செய்த டைப்ரைட்டர் எனக்கு இன்னும் நெருக்கமானது. கோணல்மாணலான யந்திரம். எழுத்துக் கட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு நகச்சாயம் பூசிய விரல்நுனிகள். அடிக்கும் விரல்களே அடிபடும் கட்டைகளாகிவிட்டன. நாளெல்லாம் ஆபீஸில் தட்டச்சு செய்த பெண்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு கதை எழுதிவிட முடியுமா என்று யோசிக்கிறேன். இங்கே சாயல் மிகக் குறைவு. யந்திரத்தைப் பற்றிய உண்மை அதிகம். சாயலை அளந்து மார்க் போடுபவர்கள் ஆர்னஸனை ஃபெயிலாக்கித்தான் ஆகவேண்டும்.

அவர்கள் முழு மார்க் போடக்கூடியவர் மெரிலின் லெவின் (1935–2005). கனடாக்காரர், வேதியியல் படித்துவிட்டு மண்ணுக்கு வந்தவர், பிறகு கலிஃபோர்னியாவில் குடியேறியவர். நைலான் இழை கலந்த மண் தகடுகளால் தோல்பைகளும் பூட்ஸுகளும் மேல்கோட்டுகளும் செய்தார். தோலில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனாலும் இவரை வித்தைக்காரர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவர் பிரதி செய்தது பையையல்ல, உழைப்பில் பை தேய்ந்த விதத்தை. பிடி கறுத்திருக்கிறது, ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது, மடிப்பில் வெடிப்பு. இருபது வருஷம் யாரோ தூக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ ஒருபோதும் இருந்ததில்லை. நடக்காத வாழ்க்கையின் தடயம் என்பது நாவலாசிரியனின் வேலை அல்லவா? என் குறை ஒன்றுதான். ஐந்து பைகளைப் பார்த்தபின் ஆறாவதிடம் கேட்க எனக்குக் கேள்வி மிஞ்சவில்லை.

ஆய் வெய்வெய்யின் சூரியகாந்தி விதைகளை விட்டுவிட முடியாது, எல்லோருக்கும் தெரிந்தது அதுதான் என்பதால். 2010 அக்டோபரில் டேட் மாடர்னில் பத்துக் கோடிப் பீங்கான் விதைகளைக் கொட்டினார். சீனத்தின் பீங்கான் ஊரான ஜிங்டஜென்னில் 1600 பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்து, ஒவ்வொரு விதையிலும் கையால் கோடு போட்டது. மாவோ சூரியன், ஜனங்கள் சூரியகாந்தி என்ற பழைய பிரசார உருவகம் பின்னால் நிற்கிறது. ஜனங்கள் அதன்மேல் நடக்கலாம் என்றார்கள். சில நாட்களில் பீங்கான் தூசு உடம்புக்கு ஆகாதென்று தடுத்துவிட்டார்கள். நடந்து பார்க்கையில் காலடியில் விதை நொறுநொறுத்த ஒலிதான் அந்தப் படைப்பின் பாதி என்று நினைக்கிறேன். தடுத்தபின் எஞ்சியது எண்ணிக்கை. எண்ணிக்கையைக் கண்டு பிரமிப்பது கலையனுபவமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பத்துக் கோடி என்றால் மிரளாமலிருக்கப் பழகிய உத்தியோகம் என்னுடையது. ஆனால் அந்த 1600 பேரில் ஒருத்தி ஒரு நாளில் எத்தனை விதைக்குக் கோடு போட்டாள், எத்தனையாவது விதையில் கை தானாக ஓட ஆரம்பித்தது என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை.

மிஷிமாவும் எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்தவர்தான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பழைய சூளைச் செங்கற்களை எடுத்து, இருபதாம் நூற்றாண்டின் செய்தித்தாள்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை அவற்றின்மேல் பதித்துத் தரையெங்கும் பரப்பினார். பல வருஷ வேலை. இதில் ஏமாற்று என்பதே இல்லை; எவரும் செங்கல்லைத் தாள் என்று நினைக்கப்போவதில்லை. அச்சு இருக்கிறது, அசல் போய்விட்டது. நவோஷிமா தீவில் 2005-ல் நிறுத்திய ராட்சதக் குப்பைத்தொட்டியில், தாள்களைத் திணித்து ஆளைவிடப் பலமடங்கு உயரத்துக்குத் தூக்கிவைத்ததில், எனக்கு ஈடுபாடில்லை. பெரிதாக்குவது எல்லோரும் செய்வது. இந்தச் செங்கற்கள் அப்படியல்ல. சூளையின் உட்சுவராக இருந்து எத்தனையோ பாண்டங்களைச் சுட்ட கல் அது. யுத்தமும் பூகம்பமும் ஒலிம்பிக்ஸும் விளம்பரமும் அதன்மேல் ஒரே அளவில், ஒரே நிறத்தில் படிந்து கிடக்கின்றன. பார்ப்பவர்கள் குனிந்து படிக்க முயல்கிறார்கள், ஒரு கல்லில் பாதிச் செய்தி, பக்கத்துக் கல்லில் வேறொரு வருஷம். 2024 ஜூனில் மிஷிமா இறந்தபோது தோக்கியோவின் நெரிமா கலைக்கூடத்தில் அவருடைய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பிறகு செய்தித்தாளில் அவருடைய மரணச் செய்தியும் வந்தது, சாதாரணத் தாளில்.