75 போய் 25 வந்த கதை

வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் வாராக் கடன் ஆகிவிட்டால் வங்கி கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம். 60 நாள் நோட்டீஸ் விட்டு, பணம் வராவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தலாம். 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் தந்த அதிகாரம். எங்க கல்லல் பக்கம் வயலை இப்படித் தொட முடியாது (விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு), வீட்டைத் தொடலாம்.

எதிர்த்துக் கேட்க மதுரையில் இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகணும். சட்டம் வந்த புதிதில், தீர்ப்பாயம் மனுவை எடுத்துக்கொள்ளவே வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதம் கட்டணும். 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. பெயர்தான் மேல்முறையீடு, உண்மையில் இது முதல் வழக்கு. கடன் எவ்வளவு என்றே தீர்மானமாகாதபோது பணம் கேட்பது நியாயமில்லை என்றது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அதே ஆண்டு வந்த திருத்தம், அடுத்த படியான சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 50 சதவீதம் என்று வைத்தது. 25 வரை குறைக்கலாம். அதற்கும் கீழே இறங்க அதிகாரமில்லை என்று 2011-இல் நாராயண் சந்திர கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 20 லட்சம் பாக்கி என்றால் 5 லட்சம். அந்த 5 லட்சம் கையில் இருந்தால் அவர் ஏன் நோட்டீஸ் வாங்கப்போகிறார்?

இழுத்தடிக்கவே அப்பீல் போகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. வட்டிக் கணக்கே தப்பு என்கிற சின்னக் கடன்காரரையும் அவர்களையும் பிரித்துப் பார்க்க நீதிபதிக்கு இடம் விட்டிருக்கலாம். பெரிய கம்பெனி அந்த 25-ஐக் கட்டிவிட்டு இழுத்தடிக்கும். வீட்டுக்காரர் மதுரையோடு நின்றுவிடுவார்.